உன் மூக்கில் இருந்த காலிங் பெல்

இன்று காலை கணினியைப் போட்டதிலிருந்து உன் மூக்குதான் என் திரை முழுக்க விரிந்து கிடந்தது. உயிரோடு இருந்தபோது என் ஸ்டுடியோ நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து என் பிழைப்பைக் கெடுத்தாய். போன பிறகும் விட்டபாடில்லை. ஒரு பாஸ்போர்ட் படம் எடுக்கக்கூட இன்று கை ஓடவில்லை.

உன் மகள் நேற்று வந்து ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள். முப்பதாம் நாளுக்கு மாலை போட்டு வைக்க உன் படம் பெரிதாக வேண்டுமாம். "மாமா, மூக்குல அந்தத் தழும்ப மட்டும் எடுத்துடுங்க. அப்பாவுக்கு போட்டோன்னா அழகா இருக்கணும்" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. இரும்புலியூரில் உன் அளவுக்குக் கண்ணாடி பார்த்த ஆண்பிள்ளையை நான் கண்டதில்லை. அதனால் தழும்பின் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

முதலில் அங்கே தழும்பா இருந்தது? மச்சம்தானே இருந்தது. மூக்கின் இடது பக்கம், மிளகு ஒட்டினாற்போல. பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தவன், எடுத்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாய். "மச்சான், அத்த தூக்கிடு. பொண்ணு வூட்ல பாத்தா இன்னா நெனப்பாங்க?" அப்போது கணினி ஏது. நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து, பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு அந்தப் புள்ளியை நிரப்பி மறைத்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அது உன் மூக்கிலேயே உட்கார்ந்திருந்தது. "போட்டோவுல இல்லாத ஒண்ண கூடவே கூட்டினு வந்துட்டாரு, கேளுங்கண்ணா" என்று உன்னைக் கட்டிக்கொண்டு வந்த தங்கச்சி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறது.

அதற்குப் பிறகும் நீ திருந்தவில்லை. கல்யாண ஆல்பம், உன் சிமெண்டுக் கடைத் திறப்பு, மகளின் காதுகுத்து, எதில் நீ இருந்தாலும் மச்சம் இருக்கக் கூடாது. நீ கேட்பதை நிறுத்திய பிறகும் என் கை பழக்கத்தில் எடுத்துவிடும். ஆனால் உன் மகளுக்கு அந்த மச்சம் என்றால் உயிர். நடை பழகும் வயதில் உன் மடியில் ஏறி அதை ஒரு விரலால் அழுத்துவாள். நீ கண்ணை மூடிக்கொண்டு, உள்ளறையிலிருந்து வருவதுபோல் குரலை இழுத்து "யாரது?" என்பாய். அவள் சிரித்து உருண்டுவிட்டு மறுபடி அழுத்துவாள். சிமெண்டு வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவள் வளர்ந்து, அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில்தான் அது என் கண்ணில் பட்டது. நிச்சயதார்த்தப் படத்தில் வழக்கம்போல் உன் மூக்கைத் துடைக்கப் போனேன். கணினியில் துடைக்கிற பிரஷ்ஷின் அளவு எனக்கு மனப்பாடம். உன் மச்சத்துக்கு என்று ஒரு அளவு உண்டு. அன்று அந்த அளவு போதவில்லை. ஓரம் மிச்சம் நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு பக்கம் மேடாக, பளபளப்பாக, நடுவில் சின்னப் பொருக்கோடு இருந்தது. கேட்டால், "ஷேவிங் பண்றப்போ பிளேடு பட்டு ரத்தம் வரும்டா. ஒரு வருசமா அப்படித்தான் கீது" என்று சாவகாசமாகச் சொன்னாய்.

டாக்டரிடம் போகலாம் என்றதற்கு நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே. உன் பெரியப்பாவுக்குக் கழுத்தில் கட்டி வந்து, சதையைக் கிள்ளிப் பரிசோதித்த பிறகு சீக்கிரம் போய்விட்டார். அதிலிருந்து உங்கள் வீட்டில் ஒரே பேச்சு, கத்தி பட்டால் பரவிவிடும் என்று. நோய் முற்றிப்போன பிறகுதான் அவர் ஆஸ்பத்திரிக்கே போனார் என்பதை யாரும் சொல்ல மாட்டீர்கள். "பேஜார் பண்ணாத மச்சான். கல்யாணம் முடியட்டும்" என்றாய். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்பது உனக்குத் தெரியும். உன் கடை வாசலில் நின்று, லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே கத்தினேன். "கல்யாணத்துல பொண்ண தாரவார்த்துக் குடுக்க அப்பன் வேணுமாடா, வேணாமாடா?" நீ கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். அன்று நான் வீட்டுக்குப் போய் அழுதேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

கேளம்பாக்கம் பக்கம் ஒரு தோல் டாக்டரம்மா, கத்தி வைக்காமல் லென்ஸ் வைத்தே உள்ளே பார்க்கிறார் என்று என் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். 'கத்தி வைக்காமல்' என்ற சொல்லைக் கேட்டதும்தான் நீ சட்டையை மாட்டினாய். போனில் பெயர் பதிந்தபோது பழைய படங்கள் இருந்தால் எடுத்து வரச் சொன்னார்கள், எப்போதிலிருந்து வளர்கிறது என்று பார்க்க. நமக்குப் படத்துக்கா பஞ்சம்? ஒரு கட்டைப் பை நிறைய ஆல்பங்களை அள்ளிக்கொண்டு போனோம்.

அந்தம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு முகம் மாறியது. "இதுல எதுலயுமே மச்சம் இல்லையே சார். அப்போ இது முழுக்கப் புதுசா வந்ததா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் மேஜையைப் பார்த்தேன்.

"இல்ல மேடம், அது எப்பவும் இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

"நீங்க டாக்டரா?"

"போட்டோகிராபர்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நீ அவசரமாக வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினாய், "இதுல இவன் கை வைக்கல மேடம்" என்று. அதில் உன் முகமே ஒரு பெரிய மச்சமாகத்தான் தெரிந்தது. கடைசியில், எப்போதும் போடுகிற பிரஷ் நிச்சயதார்த்தப் படத்தில் போதாமல் போன கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பிறகு உன் மூக்கில் கொஞ்சம் ஜெல் தடவி, டார்ச் மாதிரி ஒரு கருவியை அழுத்தி வைத்தார். என் கையை நீ பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. "அது வெறும் லென்ஸும் லைட்டும்தான்டா. நகைக்கடை ஷோகேஸ எடுக்கறப்போ கண்ணாடி மினுக்கு போக ஒரு ஃபில்டர் போடுவேன் இல்ல, அதேதான். தோல் மேல இருக்கற மினுக்கு போயிட்டா உள்ள தெரியும்" என்றேன். உன் பிடி கொஞ்சம் தளர்ந்தது. திரையில் உன் மூக்கு வந்தது. "இது என் மூக்கா? மேலேருந்து பாத்த ஏரி மாதிரி கீது" என்றாய்.

டாக்டரம்மா விரலால் காட்டினார். நாம் ஒரே புள்ளி என்று நினைத்திருந்தது ஒன்றல்ல, இரண்டு. பழுப்பாக, ஒழுங்காக, அமைதியாக இருந்தது உன் பழைய மச்சம். அதை ஒட்டி, நீலச் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக, மேலே மரக்கிளைபோல் சிவப்பு ரத்தக்குழாய்கள் ஓட, இன்னொன்று. "பழசு பாவம், ஒண்ணும் பண்ணல. பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கே, அதுதான் கேன்சர் மாதிரி தெரியுது. இந்த வகை அநேகமா வேற எங்கயும் பரவாது. ஆனா விட்டா மூக்கைத் தின்னுக்கிட்டே போகும். எடுத்துட்டா முடிஞ்சுது. எடுத்ததை லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கணும்." கேன்சர் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் உன் பக்கம் திரும்பினேன். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாய். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்: "தெரியாத வரைக்கும்தான் மச்சான் பயமா இருந்துச்சு. அது எங்க கீது, எது வரைக்கும் கீதுன்னு கண்ணால பாத்துட்டேன். வெட்டட்டும்." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு முன்னாடி ஒரு படம் எடு. இந்தத் தபா எத்தயும் எடுக்காத" என்றாய்.

அன்றே எடுத்தேன். நான் எடுத்ததில் நீ மச்சத்தோடு நிற்கிற ஒரே படம் அது.

அறுவை சிகிச்சைக்கு முன் அந்தம்மா மறுபடி லென்ஸை வைத்து, கெட்டது முடிகிற இடத்தைப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். இரண்டையும் சேர்த்தே எடுத்தார்கள். லேபும் அதையே சொன்னது. மகள் கல்யாணத்தில் மூக்கில் பிளாஸ்டரோடு தாரை வார்த்தாய். அதன் பிறகு எத்தனை நல்ல வருஷங்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து நாற்காலியைத் தேய்த்தாய். போன மாதம் நீ போனது நெஞ்சு வலியில். அந்தப் புள்ளிக்கு உன் மேல் ஒரு அதிகாரமும் இல்லாமல் செய்துவிட்டுத்தான் போனாய்.

இப்போது யார் படத்தைத் துடைத்தாலும், துடைக்காத ஒரு பிரதியை முதலில் தனியாக எடுத்து வைக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. கேட்டால் என் நண்பன் வைத்த சட்டம் என்பேன்.

சாயங்காலம் உன் மகள் வந்தாள். தழும்பு அப்படியே இருப்பதைப் பார்த்து, "ஏன் மாமா?" என்றாள். அந்தப் பழைய படத்தைத் திறந்து காட்டினேன். அவள் திரையருகே குனிந்தாள். "இது எப்போ எடுத்தீங்க? எந்தப் படத்துலயும் இது இல்லாம, எனக்கு மறந்தே போச்சு மாமா" என்றாள். பிறகு கையை நீட்டி, ஒரு விரலால், திரையில் அந்த மச்சத்தை அழுத்தினாள்.

விரலை எடுக்கவே இல்லை. காத்திருந்தாள்.

உன் மாதிரி குரலை இழுக்க எனக்கு வராதுடா. ஆனாலும் "யாரது?" என்றேன்.