கல்லில் கேட்டதைச் செங்கல்லில் கட்டியவளுக்கு

கடையின் பின்கட்டில் ஜிப்சம் பலகைகள் அடுக்கிக் கிடக்கின்றன. மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நனைந்த சுண்ணாம்பு வாடையை விடுகின்றன. முன்னால் உட்கார்ந்து யாரிடமாவது ஸ்பீக்கர் வயர் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த வாடை வந்து மூக்கில் ஏறுகிறது. பூச்சு வேலை நடந்த மாதங்களில் உன்மேல் அடித்த அதே வாடை. உன் பக்கத்தில் உட்கார்ந்து மொஹிங்கா மீன்சாறு சாப்பிட்டால் கிண்ணத்திலிருந்தும் சுண்ணாம்புதான் மணக்கிறது என்று அப்போது உன்னைத் திட்டியிருக்கிறேன்.

இன்சீனில் நீ கட்டிய பிரார்த்தனை மண்டபத்தின் வளைகூரையை இந்தப் பலகைகளால் மறைக்கப்போகிறார்கள். அதுவும் உன் பெயரில், உனக்குப் புண்ணியம் சேர்வதற்காக. கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கும் வந்தது. முழுக்கச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டு.

போன மாதம் உன் தம்பி டாக்ஸியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தான். பபேடான் கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்பது போல முகமெல்லாம் வியர்வை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, அவ போயி ஒரு வருசம் ஆவப்போவுது. திதி கொடுத்திடலாம். அவ பேர்ல மடத்துக்கு ஒரு அலூவும் பண்ணணும்ல. என்ன தானம் வேணும்னு மடத்துப் பெரியவர் சயாடோகிட்டக் கேட்டேன். மேல சீலிங் அடிச்சுக் கொடுங்கன்னாரு. மைக்ல பேசினா ஒண்ணுமே வெளங்கலியாம். கொளகொளன்னு கேக்குதாம். நீங்க சவுண்டு ஆளு. வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் சயாடோ ஏற்றுக்கொண்டிருப்பார். இந்த ஊர் பர்மியப் பிக்குகளுக்கு ஒலி விஷயத்தில் என்மேல் அவ்வளவு நம்பிக்கை. உன்மேல்தான் இருந்ததில்லை. அந்த மண்டபத்தை முழுக்க முழுக்க ஒலிக்காகவே கட்டியவள் நீ, நானோ வெறும் ஸ்பீக்கர் விற்கிறவள். நீ இருந்தபோதே இதைச் சொல்லி உன்னைச் சீண்டுவேன், நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் அந்தக் கார்லாக் குகைக்குத்தான் போய் நிற்கிறது. கயாவுக்குப் போன யாத்திரைக் கூட்டத்திலிருந்து நாம் இருவரும் கழன்றுகொண்டு பம்பாய் ரயில் ஏறினோம். எனக்கு ஆம்ப்ளிஃபையர் சாமான்கள் வாங்க வேண்டியிருந்தது. உனக்கு, கட்டடக் கலை படித்த நாளிலிருந்து படத்தில் மட்டுமே பார்த்திருந்த அந்தக் கல் மண்டபத்தைப் பார்த்தாக வேண்டும். மலையேறும்போது வழியெல்லாம் தேங்காய்க் கடை, பூக்கடை, ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற கூட்டம். குகை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு அம்மன் கோயில். மேளச் சத்தம் காதைக் கிழித்தது. "இதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியா?" என்று கேட்டேன். "வாயை மூடிட்டு உள்ள வா" என்றாய்.

உள்ளே போனதும் என் வாய் தானாகவே மூடிக்கொண்டது. இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். அடியில் பானை, உச்சியில் மண்டியிட்ட யானைகள், யானைமேல் ஆணும் பெண்ணுமாக ஜோடிகள். தூண் வரிசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடைவழி. கோடியில் ஒரு தூபி, அதன்மேல் மரக்குடை. வாசலுக்கு மேலே குதிரை லாட வடிவத்தில் பெரிய சாளரம், அது வழியாக வந்த வெளிச்சம் நேராகத் தூபியில் போய் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் வளைகூரை நெடுக மரச்சட்டங்கள், மாட்டின் விலா எலும்புகளை எண்ணுவது போல எண்ணலாம். தேக்கு என்று காவலாளி சொன்னார். பாறைக்கு எதற்கு மரச்சட்டம், அது தன்னைத்தானே தாங்காதா என்று கேட்டேன். தாங்கும் என்றாய். அதற்கு முன்னால் மரத்தில் கட்டிப் பழகியவர்கள், கல்லுக்கு மாறிய பிறகும் மரச்சட்டம் இல்லாத கூரையை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றாய்.

"மேலேருந்து கீழ வெட்டிட்டு வந்தாங்கடி. முதல்ல கூரை, கடைசியில தரை. ஒரு இடத்துல உளி தப்பினா அவ்வளவுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது."

பிறகு என்னைத் தூபிக்கு முன்னால் நிறுத்தி, ஏதாவது பாடு என்றாய். எனக்கு எங்கே பாட்டு வரும்? கடையில் மைக் போட்டுப் பார்க்கும்போது சொல்வதுதான் வாயில் வந்தது. பர்மிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். மூன்றைச் சொல்லும்போது ஒன்று இன்னும் அங்கேயே இருந்தது. தூண்களுக்குப் பின்னால் போய், அந்த இடைவழியில் நடந்து, தாமதமாகத் திரும்பி வந்து என் குரல் என் முதுகைத் தொட்டது. நீ சிரித்தாய். பின்னாலேயே இலங்கையிலிருந்து வந்த சில பிக்குணிகள் நுழைந்து, ஒரே சுருதியில், நிதானமாக, சரணம் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு சொல் ஓய்வதற்குள் அடுத்த சொல் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. நாலு பேர் குரல் நாற்பது பேர் குரலாயிற்று. நீ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அழுகிறாயோ என்று பார்த்தேன், இல்லை, மனசுக்குள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாய்.

ரயிலில் திரும்பும்போது நீ வேறு எதையும் பேசவில்லை. "வழவழன்னு இறுகின சுவர், உயரமான வளைவு, தூணுக்குப் பின்னால ஒரு சந்து. இது மூணும் போதும். செங்கல்லுல கட்டலாம்டி, மைக்கே இல்லாம" என்றாய். அப்படியே கட்டவும் கட்டினாய். உங்கள் தெரு மடத்தின் பழைய தகரக் கொட்டகை விழுந்தபோது சயாடோ உன்னைக் கேட்டார். ரயில்வே பட்டறைக்காரர் மகள், தமிழச்சி, அதுவும் பெண், இவளிடமா கொடுக்கிறார் என்று தெருவே பேசியது. நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தர் சிலையை வைத்துவிட்டால் பெண்கள் அதற்கு மேலே ஏறக் கூடாது என்பதால், சிலை வருவதற்கு முன்பே சாரத்தில் ஏறி வளைவு முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டாய்.

நீ போட்ட கணக்கில் ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போயிற்று. இந்த ஊரில் தானம் என்று வருகிறதை யாரும் மறுக்கமுடியாது. மறுத்தால் கொடுக்கிறவர்களுக்குச் சேரவேண்டிய குத்தோவை, அந்தப் புண்ணியத்தை, தட்டிப் பறித்ததாகிவிடும். திறப்பு விழாவுக்கு முன்னால், மண்டபம் வெறுமையாக இருக்கும்போது ஒரு முறை பிக்குகளை வாயால் ஓதவைத்துக் கேட்கவேண்டும் என்று நாள் குறித்து வைத்திருந்தாய். அதற்கு முந்தின நாளே ஒரு அரிசிக் கடைக்காரர் சுவரோடு சுவராக, ஒலியைக் குடிக்கிற தடித்த கம்பளம் விரித்துவிட்டார். ஒருவர் திரைச்சீலை, ஒருவர் மின்விசிறி. பிறகு நகைக்கடைக் குடும்பம் எட்டு ஸ்பீக்கர், எல்லாம் என் கடைச் சரக்கு.

"நீயே வித்தியாடி?" என்று கேட்டாய்.

"நான் விக்கலன்னா எதிர்க்கடைக்காரன் விப்பான். அவன் சரக்கு இதைவிட மோசம்."

ஒரு மழைக்காலம் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. அப்புறம் நீயே ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில் வந்து இறங்கி, பலாப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்தாய்.

மூச்சு உனக்குக் குறைந்துகொண்டே வந்த நாட்களில் ஒரு பிற்பகல் உன்னை அங்கே கூட்டிப்போனேன். பட்டான நூல் ஓதல் நடந்துகொண்டிருந்தது, நாள்கணக்கில் இடைவிடாமல், ஸ்பீக்கரில். குரல்மேல் குரல் விழுந்து, எந்த மொழி என்றே தெரியாத இரைச்சல். நீ கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாய். திடீரென்று மின்சாரம் போயிற்று. ஸ்பீக்கர் செத்தது. ஓதிக்கொண்டிருந்த பிக்கு அடுத்த சொல்லுக்காக மூச்சு இழுத்ததைக்கூட என்னால் கேட்க முடிந்தது. நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அதற்குள் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது, ஸ்பீக்கர் திரும்ப உயிர் பெற்றது. "அதையும் யாராவது தானம் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாய். பண்ணிவிட்டார்கள். இரண்டு பேரும் இருமும்வரை சிரித்தோம். உன் மண்டபத்தில் வெறும் வாய் ஓதலை நீ கேட்காமலேயே போய்ச் சேர்ந்தாய்.

சரி, உன் தம்பி கூப்பிட்டபடி போனேன். மைக்கைப் போடச் சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சயாடோ தர்மம் சொன்னார். உண்மையாகவே ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சும்மா கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பேரனைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு யாராவது நாலு வார்த்தை சொல்லவேண்டும், அந்த வார்த்தை விளங்கவேண்டும். நாம் பார்த்த அந்தக் கல் மண்டபத்தில் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லையே. அங்கே சுற்றி வந்தார்கள், மெதுவாக ஓதினார்கள், அவ்வளவுதான். நீ அந்தக் கூரையைக் கொண்டுவந்தாய், அந்தப் பொறுமையை எங்கிருந்து கொண்டுவருவாய்? உன்மேல் எனக்கு அன்றைக்குப் பரிதாபமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சயாடோவிடம் மறைக்காமல் சொன்னேன். "சீலிங் வேண்டும், பயா. அடித்தால் பேச்சு தெளியும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காலை, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெறும் வாயால் ஓத முடியுமா? அவள் அதைக் கேட்டதே இல்லை."

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "எனக்கும் தோன்றியதில்லையே, தகாமா" என்றார்.

போன உபவாச நாளில் அது நடந்தது. உன் தம்பியும் நானும் விடிந்ததும் போய்க் கம்பளங்களைச் சுருட்டினோம், திரைகளைக் கழற்றினோம், விசிறிகளை நிறுத்தினோம். ஸ்பீக்கர் வயர்களை நானே என் கையால் பிடுங்கினேன். மடத்தில் இப்போது இளம் பிக்குகள் அதிகம் இல்லை. சயாடோவும் வயதான நாலைந்து பேரும்தான். முன்வளைவு வாசலிலிருந்து வெளிச்சம் நீ நினைத்த இடத்திலேயே, சிலையின் மடியில் விழுந்தது. சயாடோ தொடங்கினார். "நமோ."

எழும்பிற்று, கேட்டாயா. அந்த ஒரு சொல் கிளம்பி, வளைவைத் தொட்டு, தூண்களுக்குப் பின்னால் இறங்கி, சந்து வழியாக நடந்து, என்னிடம் திரும்பி வந்தது. உன் தம்பி என் கையைப் பிடித்தான்.

அடுத்த சொல்லுக்குள் தெருவில் மின்சாரம் போயிற்று. ஐஸ் கடை ஜெனரேட்டர், டீக்கடை ஜெனரேட்டர், எதிரே எழும்பிய அடுக்குமாடியின் லாரி அளவு ஜெனரேட்டர், ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. வெளிச்சத்துக்காக நீ அகலத் திறந்து வைத்த அந்த வாசல் அத்தனையையும் உள்ளே வாங்கிற்று. உன் கூரை அதை நீட்டிற்று. உன் தூண்கள் அதைச் சுற்றிக்கொண்டுவந்து எங்கள் முதுகில் கொட்டின. உறுமல்மேல் உறுமல் வந்து உட்கார்ந்தது. பிக்குகள் குரலை உயர்த்திப் பார்த்தார்கள், ஒருவர் இருமிவிட்டு நிறுத்தினார். சயாடோ மட்டும் நிறுத்தவில்லை. கடைசிவரை அவருடைய உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து அந்தக் கிழவி, "ஒன்றும் கேட்கவில்லையே, மைக்கைப் போடுங்களேன்" என்று கத்தினாள். அவள்மேல் தப்பு இல்லை.

கம்பளத்தைத் திரும்ப விரிக்கும்போது உன் தம்பி கேட்டான். "அப்ப அவ கட்டுனது தப்பாக்கா?"

"இல்லடா. சரியாத்தான் கட்டியிருக்கா. உள்ள வந்ததை அப்படியே குடுத்துச்சு, பாத்தியில்ல."

"அப்ப ஏன்க்கா மூடுறோம்?"

நான் கம்பளத்தின் மறுமுனையை இழுத்துப் பிடித்தேன். இந்த ஊரில் இனி அந்த ஜெனரேட்டர்கள் நிற்கும் என்று நான் நம்பவில்லை. நீ இருந்தால் ஏதாவது வழி சொல்வாய், வாசலுக்குக் கதவு போடலாம் என்பாய், வேறு நேரம் பார்க்கலாம் என்பாய். நான் உன்னைப் போல இல்லை. பலகைக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓரத்தில் உன் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுகிறார்களாம்.

அந்த ஒரு சொல்லை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அது திரும்பத் திரும்ப வருகிறது. கல்லில் கேட்டதும் செங்கல்லில் கேட்டதும் ஒன்றுதான், இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான். உன் கணக்கு சரி என்பதற்கு இப்போது வேறு சாட்சி கிடையாது. எனக்கும் இடது காது கொஞ்ச நாளாகச் சரியாகக் கேட்பதில்லை.