வரிசையில் நிற்கும் குடங்கள்

14 ஜூன் 2008, சனி

மழையே இல்லாத உலகத்தில் கடைசி மனிதர்கள் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் என் நாவல் காட்சியை, முடிச்சூரில் வறண்ட ஏரிக்குள் இன்று படமாக்கினார்கள். "உலகமே அழியுது, எவன் சார் லைன்ல நிப்பான்? அடிச்சுக்கட்டும்" என்று இயக்குநர் நான் எழுதியதை மாற்றிவிட்டார். துணை நடிகர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதே, லாரியைப் பார்த்த ஊர்ப் பெண்கள் வந்து குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். நான் எழுதியதுதான் சரி.

ஆனால் லாரி காலி. அதைச் சொன்னதும் ஒரு அக்கா, "அப்ப நாளைக்கு ரொப்பிக்கினு வா சார்" என்றார். நிஜத் தண்ணீர் வந்தால்தான் காட்சி என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினார். இனி அவர் பின்வாங்க முடியாது. பெண்கள் குடங்களை வரிசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.