என் பேச்சைக் கேட்டு என் தம்பி ஒப்புக்கொண்ட குற்றம்

அனுப்புநர்
நோலீன் கேடன்,
17, இரயில்பாதைத் தெரு,
டன்மோரா, ஆஸ்திரேலியா.

பெறுநர்
மாநிலச் சட்ட அமைச்சர் அவர்கள்.

பொருள்: என் தம்பி லெய்ட்டன் கேடனின் தண்டனை மறுஆய்வு மனு நிராகரிக்கப்பட்டதை மீண்டும் பரிசீலிக்கக் கோருதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

லெய்ட்டன் "தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதால்" மறுஆய்வுக்கு இடமில்லை என்று தங்கள் அலுவலகம் எழுதியுள்ளது. அவன் தானாக முன்வரவில்லை. நான்தான் தள்ளிவிட்டேன். நடந்ததைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எங்கள் ஊர் பெட்ரோல் பங்க் காசாளரை ஒருவன் இரும்புக் கம்பியால் தாக்கிக் கொள்ளையடித்தான். அவருக்கு ஒரு கண் போயிற்று. "ஒரு கறுப்புப் பையன்" என்றார்; வேறு அடையாளம் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில், தெருவில் நடந்துவந்த லெய்ட்டனைப் பிடித்தார்கள். அவனுக்கு வயது பதினேழு.

2. அந்த ஐந்து மணிக்கு அவன் மருத்துவமனை அவசரப் பிரிவில் நின்றிருந்தான். கடைவாய்ப் பல் சீழ்பிடித்துக் கன்னம் வீங்கியிருந்தது. பணியிலிருந்த செவிலியர், "போதை மாத்திரைக்குத்தானே வந்தே? உங்க ஆளுங்க நாடகமெல்லாம் எனக்குத் தெரியும், கெளம்பு" என்று விரட்டினார். பெயரைப் பதிவேட்டில் எழுதவில்லை. நீதிமன்றத்தில் அதே பதிவேட்டைக் காட்டித்தான் அவனைப் பொய்யன் என்றார்கள். ஜூரர் பன்னிருவரில் எங்கள் பழங்குடி இனத்தவர் ஒருவருமில்லை. நாற்பது நிமிடத்தில் குற்றவாளி என்று முடிவு சொன்னார்கள். நீதிபதி பன்னிரண்டு ஆண்டு சிறை விதித்தார்.

3. மூன்று முறை பரோல் கேட்டான். "வருத்தம் தெரிவிக்கவில்லை" என்று மூன்று முறையும் மறுத்தார்கள். எட்டாம் ஆண்டில் எங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் முழுவதும் செயலிழந்தது. (எங்கள் வழக்கப்படி இறந்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. மனுப் படிவத்தில் அம்மா பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டதற்குப் பொறுத்தருளவும்.) சிறைப் பார்வையாளர் அறையில் நான் சொன்னேன்: "ஒரு வார்த்தைதானேடா. சொல்லிட்டு வா. அம்மா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கு."

"சொன்னா அது என் மேல ஒட்டிக்கும்க்கா."

"உன் வீறாப்பு பெருசா, அம்மா பெருசா?"

இதைக் கேட்டது நான். மறு வாரம் அவன் குற்றப்பத்திரிகையிலிருந்ததை அப்படியே அதிகாரிகளிடம் ஒப்பித்தான்.

4. பரோல் உத்தரவு வந்தபோது அம்மாவைப் புதைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அடக்கத்திற்கு அழைத்துவரக் காவலர் போதவில்லை என்றார்கள்.

5. சென்ற ஆண்டு அந்தச் செவிலியர் ஓய்வுபெற்ற பின் என் வீடு தேடி வந்தார். "தொரத்தினது நான்தான். பேப்பர்ல படம் பார்த்தப்பவே தெரியும். சொல்லப் பயந்துட்டேன்" என்றார். நான் அவரை உள்ளே அழைக்கவில்லை. ஆனால் அவர் சத்தியம் செய்து எழுதித் தந்ததை வாங்கிக்கொண்டேன். கைதான மூன்றாம் நாள் சிறை மருத்துவர் அந்தப் பல்லைப் பிடுங்கிய பதிவும் இருக்கிறது. இரண்டையும் முன்பே அனுப்பினேன். தங்கள் கடிதத்தில் இவை பற்றி ஒரு வரியும் இல்லை.

6. பரோல் நிபந்தனைப்படி லெய்ட்டன் வாரந்தோறும் குற்றவாளிகளைத் திருத்தும் ஒரு வகுப்பில், காசாளரை எப்படி அடித்தான் என்று சொல்ல வேண்டும். மறுத்தால் மீண்டும் சிறை. மூன்று ஆண்டாகச் சொல்கிறான். இப்போது கம்பி கையில் எவ்வளவு கனத்தது என்றுகூடச் சொல்கிறான். சென்ற ஞாயிறு என் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை மூடிவிட்டுக் கேட்டான்: "அக்கா, மறைக்காம சொல்லு. நான் நெஜமாவே அடிச்சேனா?"

ஆகவே, அந்த ஒப்புதலை விலக்கிவைத்து, இணைத்துள்ள இரு சான்றுகளைக் கொண்டு வழக்கை மறுஆய்வு செய்யவும், முடிவாகும்வரை அவ்வகுப்பிலிருந்து அவனை விடுவிக்கவும் வேண்டுகிறேன். பொய் சொல்லத் தூண்டியது குற்றமானால் என் மீது வழக்குப் பதியலாம். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடுவேன். எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
(ஒப்பம்) நோலீன் கேடன்

இடம்: டன்மோரா
நாள்: 14 ஆகஸ்ட்

இணைப்பு: செவிலியரின் வாக்குமூலம், சிறைப் பல் மருத்துவப் பதிவு.