சிங்கப்பூர்க் குழாயில் வைத்த காது

மச்சான், இன்று காலை சமையலறைச் சுவருக்குள் எங்கோ தண்ணீர் கசிந்தது. மருமகள் தடவித் தடவிப் பார்த்தாள், இடம் பிடிபடவில்லை. "துரை கொடுத்த கழியை எடும்மா" என்றேன். ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்ததும் இடம் தெரிந்துவிட்டது. "இந்த வயசுல என்னா காது மாமா உங்களுக்கு!" என்றாள். எனக்கு உன் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல, அவள் எழுதுகிறாள்.

ஜொகூர்ப் பக்கத்துப் பூலாய் மலையிலிருந்து கடலைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போன இரும்புக் குழாயை நாம் இரண்டு பேரும் நடந்தே காத்தோம். நடுவிலிருந்த ரப்பர் தோட்டம் வரை உன் பாதி, அதற்கப்பால் என் பாதி. கசிவு கேட்க ஆளுக்கொரு கழி. ஓர் ஆண்டு மழை பொய்த்துவிட்டது. உன் பெண்சாதி பிள்ளை பெற்றுக் கிடந்த தோட்டத்துக் கூலி லயத்தில் கிணறு வற்றி, சனங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடித்து வயிற்றுக்கடுப்பில் விழுந்தார்கள். குழாயோ லயத்து வாசலை உரசிக்கொண்டு போயிற்று.

"நம்ம மலையில ஊறுற தண்ணிடா," என்றாய். "ராஜாவும் சிங்கப்பூர்க்காரனும் போட்ட காகிதத்துல நம்ம பக்கத்துக்கும் பங்கு இருக்காம். கணக்கெழுதுற கிராணி சொன்னாரு."

"ஏன், அந்தக் காகிதத்த ஒன் லயத்துக்கே அனுப்பி வச்சாங்களா?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, குழாய்க்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை வந்தார். தண்ணீர் எங்கோ குறைகிறது, எங்கே என்று நம்மைக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் கழியை வைத்தேன். கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் பாட்டுக்குப் போயிருப்பார். என் காதை அவர் மெச்ச வேண்டுமென்று ஆசை, மச்சான். முன்னால் நடந்து போய், சாக்கும் மண்ணும் போட்டு மூடியிருந்த வால்வைக் காட்டி, "இதோ தொரை" என்றேன். சாக்கை விலக்கினால், அடியில் உன் வீட்டு வாளி பாதி நிறைந்திருந்தது.

அன்றைக்கே உனக்கு வேலை போயிற்று. பச்சைப் பிள்ளையோடு வேலை தேடி ரெங்கம் ஊருக்குக் கிளம்பியபோது உன் கழியை என் கையில் கொடுத்தாய். "வச்சுக்க மச்சான். ஒனக்குத்தான் நல்லா கேக்குது." அடுத்த ஆண்டே அங்கே காய்ச்சலில் போய்விட்டாய். காரியத்துக்குக்கூட நான் வரவில்லை.

அந்தத் தண்ணீரில் நமக்கு ஒரு சொட்டும் கிடையாது என்று சொல்லிக்கொண்டுதான் இத்தனை காலம் தூங்கினேன். இப்போது அது இரண்டு நாட்டு விவகாரம். போன வாரம் மருமகள் பத்திரிகையைப் படித்தாள். அந்தப் பழைய ஒப்பந்தத்தில் ஜொகூருக்கும் தண்ணீர் தர வேண்டும் என்று இருந்ததாம். "ஆனா அரசாங்கந்தான் கேட்டு வாங்கணும் மாமா, ஆளாளுக்குத் தொறந்துக்க முடியாது," என்றாள். இருக்கட்டும். நீ சொன்னது காகிதத்தில் இருந்திருக்கிறது. நான் சிரித்தேனே.

மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்திருக்கும் கழியைப் பார்க்கிறாள்.

"தொரை மெச்சிக் குடுத்ததுன்னு பிள்ளைங்ககிட்டல்லாம் சொல்வீங்களே மாமா. அப்போ இது உங்க மச்சானோடதா?"

"ஆமாம்மா."

"அதையும் எழுதவா?"

எழுதச் சொன்னேன்.