கழட்டி வைத்த நாலு டயர்

ஜெனுஷா அப்பாவுக்கு,

சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன். நான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போறேன். தம்பி சுஜீவனுக்கு இன்னும் நினைவு வரல.

பத்து மணிக்கு கார் முதலாளி பொலிசோட வருவாரு. அவர் காரைத் தம்பி வேகமா ஓட்டித்தான் பள்ளத்துல விழுந்தான்னு சொல்லாதீங்க. "மழையில இந்த ரேஸ் டயர் வழுக்கும், மச்சான்"னு அவன் சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுதான் எடுப்புன்னு நீங்கதான் பிடிவாதமா மாட்டினீங்க.

நீங்க கழட்டின பழைய டயர் நாலும் வீட்டுக்குப் பின்னால கிடக்கு. மழைத்தண்ணி வழியுற வெட்டு எவ்வளவு ஆழம்னு விரலை விட்டுப் பாருங்க. நீங்க மாட்டின ரேஸ் டயர்ல அந்த வெட்டே இல்ல.

பெற்றீசியா

முட்டை ஒண்ணு இருக்கு, பொரிச்சுக்குங்க.

தம்பி கண்ணு முழிச்சா, உங்களுக்காகத் தப்பைத் தன் மேலயே போட்டுக்குவான். அதுக்கு முன்னாடி பொலிசுகிட்ட நீங்களே உண்மையைச் சொல்லிருங்க.