கோணல் குதிரை

லண்டன், ஜூலை 1927

அன்புள்ள இல்கா,

நீயும் அத்தையும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பாட்டில்தான் காரமே இல்லை. கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பு.

நேற்று நம் ஹங்கேரி அணிக்கு டென்மார்க்கோடு சதுரங்கம். எதிராளியின் குதிரை கோணலாக நின்றது. வீட்டில் உன் குதிரையைத் திருப்பி வைப்பேனே, அதே பழக்கத்தில் கைவைத்து நேராக்கிவிட்டேன். 'நேராக்குகிறேன்' என்று முன்பே சொல்லாமல் எதிராளியின் காயைத் தொட்டால், அதை வெட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம். ராணியால் மட்டுமே வெட்ட முடிந்தது, வெட்டினேன். ராணி போனது, ஆட்டமும் போனது.

"சொல்லிட்டுத் தொட மாட்டியா? இதென்ன உன் வீட்டு மேசையா?" என்றார் அணித்தலைவர் வில்மோஷ்.

"ஒரு நிமிஷம் அப்படித்தான் நெனச்சுட்டேன்" என்றேன். அதற்குமேல் அவர் திட்டவில்லை.

கவலைப்படாதே, மற்றவர்கள் ஜெயித்துவிட்டார்கள். தபாலுக்கு நேரமாகிறது. மேசையில் உன் குதிரை கோணலாகவே நிற்கட்டும். நான் வந்து நேராக்கிக்கொள்கிறேன்.

உன் ஓதோன்