மூன்றாம் சரணத்துக்காரி

மார்ச் 2

என் அருமை அக்காவுக்கு, நெட்டைக் கொக்குக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன ஞாயிறு போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நுரையீரல் இரண்டும் திடமாக இருப்பது தெரிந்துவிட்டது. நீ டக்கென்று வைத்த பிறகு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கழுதை வயசாச்சு ரெண்டு பேருக்கும். யாரோ எங்கேயோ பாடினதுக்கு இங்க எதுக்குடா அடிச்சுக்கறீங்க? இனிமே இந்தப் பேச்சு போன்ல வேண்டாம். எழுதித் தொலைங்க!" முப்பது வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவள் தீர்ப்புச் சொன்னால் அப்பீல் ஏது?

பழைய விதியும் அமலில் இருக்கிறதாம். எதிர்த்துப் பேசுவதற்கு முன்னால், எதிராளியின் கட்சியை அவருக்கே திருப்தியாகும்படி நாம் பேசிக் காட்ட வேண்டும். கடைசி முட்டைக்கு நாம் அடித்துக்கொண்ட காலத்தில் போட்ட விதி. உன் பசியை நான் உருக்கமாக வர்ணித்து முடிப்பதற்குள் முட்டை உன் தட்டுக்குப் போய்விடும். அந்த விதியால் நான் இழந்த முட்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

இனி விஷயம். எங்கள் நூலகத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். 'ஹிப் ஹாப்பை மாற்றிய பத்துப் பேர்.' ஆளுக்கு ஒரு பலகை, வாசலிலிருந்து வரிசையாக. தேர்வு முழுக்க என் பொறுப்பு. முதல் பலகை கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் வரும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியவர். அவர் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை. இரண்டாவது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். மூன்றாவது ராக்கிம். வரியின் கடைசியில் மட்டும் இயைபு வைத்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில், வரிக்குள்ளேயே எதுகையைக் கொட்டியவர். நாலு டூபாக், ஐந்து நாஸ். மிஸ்ஸி எலியட் ஒன்பது. கத்தாதே.

இன்னொரு சந்தோஷ சமாச்சாரம். இருபத்தெட்டாம் தேதி திறப்பு விழா. அன்றைக்கு நம் அடுக்குமாடி வீட்டைப் பற்றிய பழைய 'லிஃப்ட் ஓடல' ராப் பாட்டை நான் மேடையில் பாட வேண்டும் என்று தலைமை நூலகர் கேட்டிருக்கிறார். அவர் அதைத் தன் கல்லூரி நாளில் கேசட்டில் கேட்டவராம். மூன்றாம் சரணம் அவருக்கு மனப்பாடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

லீவு சொல்லிவிட்டு வந்து சேர்.

உன் வாயாடித் தம்பி

-----

மார்ச் 6

அன்புள்ள வாயாடிக்கு,

துறைமுகத்தில் காற்று அதிகம். காற்று அளவு மீறினால் கிரேனை நிறுத்திவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். நாற்பது மீட்டர் உயரத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறேன். கீழே கன்டெய்னர்கள் எல்லாம் தீப்பெட்டி மாதிரி கிடக்கின்றன. மேலே போன் கொண்டுவரக் கூடாது. பேப்பரும் பேனாவும் கூடும். ஆகவே அம்மாவின் தீர்ப்பு எனக்குச் சாதகமே.

முதலில் உன் கட்சி. ராக்கிமுக்கு முன்பு பாடியவர்கள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் பாடினார். சாக்ஸஃபோன் வாசித்துப் பழகியவர் என்பதால் மூச்சு எங்கே விழ வேண்டும் என்பது தெரிந்தவர். பின்னால் வந்தவர்களில் அவரிடம் கடன் வாங்காதவர் குறைவு. போதுமா? உன்னைவிட நன்றாகவே பேசிவிட்டேன்.

இனி என் கட்சி. ஒன்பதாவது இடத்தில் மிஸ்ஸி எலியட்டா? தானே எழுதி, தானே பாடி, தானே இசையமைத்து, போதாததற்கு மற்றவர்களுக்கும் எழுதிக்கொடுத்த பெண்ணை, கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டப்போகிறாயா? உன் நூலகத்தின் வரைபடம் எனக்குத் தெரியும், ஒன்பதாவது பலகை அங்கேதான் வரும். அவள் மூன்றுக்கு வர வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை முதல் பலகையில் இருக்கிறது. 1973 ஆகஸ்டில், ஹிப் ஹாப் பிறந்த அந்த முதல் விருந்து யாருடைய யோசனை? ஹெர்க்குடைய தங்கை சிண்டியுடையது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புது உடுப்பு வேண்டும் என்று அவள்தான் அந்தக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தாள். அழைப்புச் சீட்டுகளைக் கையாலேயே எழுதினாள். அண்ணன் வந்து இசைத்தட்டைச் சுழற்றினான். உன் பலகையில் அவள் பெயர் எங்கே?

இதைச் சொல்லும்போது மனசில் வேறு எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை. மூன்றாம் சரணத்தை யார் எழுதியது என்று உனக்கும் எனக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. சிண்டிக்காகத்தான் கேட்கிறேன்.

காற்று இறங்கிவிட்டது. கீழே மேற்பார்வையாளர் கையை ஆட்டுகிறார். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்
அக்கா

-----

மார்ச் 10

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை நூலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன் (கடைசியில் வரும் நம் வீட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்). கழிப்பறை வாதத்துக்குப் பலமான கைதட்டல். மிஸ்ஸியை ஆறாவது இடத்துக்கு ஏற்றியாகிவிட்டது. ராக்கிமில் மட்டும் கை வைக்க விடமாட்டேன்.

ஆனால் சிண்டி விஷயத்தில் நீ அநியாயத்துக்கு இழுக்கிறாய். கூடம் பிடித்ததும் சீட்டு எழுதியதும் நல்ல காரியம், மறுக்கவில்லை. அதற்காகக் கலைஞர் வரிசையில் சேர்ப்பதா? அப்படிப் பார்த்தால் விளக்குப் போட்டவர், நாற்காலி அடுக்கியவர், வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பலகை அடிக்க வேண்டும். எங்கள் சுவர் அவ்வளவு நீளமில்லை, தாயே!

விழா சுவரொட்டி வந்துவிட்டது. 'நம் ஊரின் முதல் ராப் பாடகர், தன் புகழ்பெற்ற மூன்றாம் சரணத்தைத் தானே பாடுகிறார்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கே கூச்சமாக இருக்கிறது, போ. உனக்கு முன்வரிசையில் நடு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் பேசுகிறது, வழக்கம்போல.

வாயாடி

-----

மார்ச் 13

தம்பிக்கு,

எதிர்த்துப் பேசினாய். அதற்கு முன்னால் என் கட்சியை ஒரு வரிகூட நீ பேசவில்லை. விதியை மீறிவிட்டாய்.

பேசிவிட்டு எழுது. அதுவரை என்னிடமிருந்து கடிதம் வராது. முன்வரிசை நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது.

அக்கா

-----

மார்ச் 19

அன்புள்ள அக்கா,

நாலு வரிக் கடிதம் உன்னிடமிருந்து வந்ததே இல்லை. அம்மாவிடம் காட்டினேன். உன் இரண்டு கடிதங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். "தப்பு உன் பேர்லதான்டா. அவ கட்சிய நீ பேசவே இல்லையே? உக்காந்து எழுது. எழுதி முடிக்காம சாப்பாட்டுக்கு வராத" என்றாள். நாற்பது வயதில் எனக்குப் பட்டினி தண்டனை.

சரி, மூன்று வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

சிண்டியின் கட்சி இதுதான். ஆட்கள் வராமல் தாளம் யாருக்கு? கூடத்தைப் பிடித்தவள் அவள். யாரை அழைப்பது என்று முடிவு செய்து, ஒவ்வொரு சீட்டாகக் கையால் எழுதியவள்

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, அக்கா. என் முதல் கச்சேரிக்கு நீ பஸ் டிக்கெட் அளவுக்கு நறுக்கிய அழைப்பு அட்டைகள் ஞாபகம் வந்துவிட்டன. நூற்றி இருபது அட்டை. பச்சை மையில் நீ எழுதினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து 'எம்.சி. இடி' என்று என் மேடைப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். தொழிற்சங்கக் கூடத்தின் சாவியை அந்தக் காவலாளியிடம் கெஞ்சி வாங்கியது நீ. கச்சேரியன்று காலை பஸ்ஸில் என்னிடம் இரண்டு சரணம்தான் இருந்தது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஏழு நிறுத்தம் தாண்டுவதற்குள் மூன்றாவதை நீ எழுதிக் கையில் கொடுத்தாய்.

ஏறி ஏறி அம்மா முழங்கால் பேசக் கத்துக்கிச்சு
எண்ணி எண்ணிப் படி எல்லாம் எங்க பேரைச் சொல்லிக்கிச்சு
மேல நின்னு பாத்தா ஊரு உள்ளங்கையில் அடங்கிக்கிச்சு
கீழ நின்னு பாத்தவனுக்கு எங்க வீடே மறந்துபோச்சு

என் இரண்டு சரணத்துக்கும் ஜனம் தலையை ஆட்டியது. இதற்குத்தான் எழுந்து நின்றது.

அதற்கப்புறம் கேசட். லேபிள் எழுதியது நீ, உன் கையெழுத்துதான் அழகு என்பதால். "வேற யார் பேராவது போடணுமா?" என்று கேட்டாய். "வேண்டாம், இடமில்ல" என்றேன். நீ பேனாவை மூடிவிட்டாய். அன்றைக்கு எனக்குப் பதினெட்டு வயது என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சுவரொட்டி வந்தபோது எனக்கு நாற்பது.

எங்கள் வீட்டில் அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். இடம் இருந்தது, அக்கா. என் பேருக்குக் கீழே ஒரு விரற்கடை முழுக்கக் காலி.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கட்சியைப் பேசப் போய் என் கட்சியில் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. சுவரொட்டியைக் கிழித்துவிட்டு வேறு அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். தலைமை நூலகர் "என்ன சார், மூணாவது நீங்க எழுதலையா?" என்று வாயைப் பிளந்தார். இல்லை, எங்க அக்கா என்றேன். சொன்னதும் ஆச்சரியம், எனக்கு மனசில் கனம் குறைந்தது. முதல் பலகையையும் மாற்றியாகிவிட்டது. இப்போது அதில் இரண்டு பெயர்.

பதில் எழுத வேண்டாம். வந்தால் போதும். நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதன்மேல் என் குடையை வைத்திருக்கிறேன்.

உன் தம்பி

(அம்மா இதைப் படித்துவிட்டுச் சோறு போட்டாள். முட்டையும் வைத்தாள்.)

-----

மார்ச் 31

என் செல்ல வாயாடிக்கு,

நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ ஊரெல்லாம் உன் பாணியில் கதை அளப்பதற்கு முன் என் தரப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். காற்று இன்று என் பக்கம். மத்தியானம் வரை கிரேன் ஓடாது.

கூடத்துக்குள் நுழையும்போதே முதல் பலகை. இரண்டு பேரையும் ஒரே அளவு எழுத்தில் போட்டிருந்தாய். அதன் முன்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் "இவங்க உங்களுக்கு உறவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ இரண்டு சரணம் பாடினாய். தொப்பை வந்தாலும் மூச்சு குறையவில்லை. பிறகு நிறுத்திவிட்டு, "மூணாவது எங்க அக்கா எழுதினது. பஸ்ல, ஏழு நிறுத்தத்துக்குள்ள. இருபத்திரண்டு வருஷம் லேட்டா சொல்றேன்" என்று மைக்கைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாயே, படுபாவி! முன்கூட்டியே சொல்லியிருந்தால் புடவையாவது நல்லதாகக் கட்டியிருப்பேன்.

எழுந்தேன். முதல் வரியில் முழங்கால் பேசியது. படி எங்கள் பேரைச் சொன்னது. மூன்றாவது வரி வரவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில், எழுதியவளுக்கே மறந்துபோய்விட்டது! அம்மா பின்னாலிருந்து "சொல்லுடி" என்கிறாள். எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. அப்போது பக்கத்தில் நின்று, மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி நீ எடுத்துக்கொடுத்தாய். "மேல நின்னு பாத்தா..."

தினமும் மேலே நின்று பார்க்கிறவளுக்கு அந்த வரி மறந்திருக்கிறது, பார்.

ஆகவே விதிப்படி இப்போது உன் கட்சியைப் பேசுகிறேன். எழுதிக் கொடுத்த பிறகு அந்தச் சரணத்தை நான் ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கோபம். கிரேனில் தனியாக எத்தனையோ பேருடைய பாட்டைப் பாடியிருக்கிறேன், என்னுடையதை மட்டும் பாடியதில்லை. நீ பாடிக்கொண்டே இருந்தாய். ஒரு சொல் மாற்றாமல், ஒரு மூச்சு தவறாமல் வைத்திருந்தாய். நீ பாடாவிட்டால் அது அந்த பஸ்ஸோடேயே போயிருக்கும். கூடத்தைப் பிடித்தவளும் வேண்டும், தட்டைச் சுழற்றியவனும் வேண்டும். என் கட்சி அதற்கு மேல் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தேன், எதிரில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள்.

கழிப்பறைப் பக்கம் ஒன்பதாவதாக யாரைத் தள்ளியிருக்கிறாய் என்று வரும்போது பார்த்தேன். நாஸ்! ஐந்தில் இருந்தவரை அங்கேயா? பாவம். மிஸ்ஸி ஆறு என்பதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று. ராக்கிம் நகரட்டும். அம்மாவைக் கேட்டால், "ரெண்டு பேரும் நல்லாத்தான் பாடறாங்க, யாருக்காவது கல்யாணம் ஆகலையா?" என்கிறாள்.

இத்துடன் நாலாம் சரணம் வைத்திருக்கிறேன். இரண்டு வரிதான் என்னுடையது; அடுத்த இரண்டு உன் பொறுப்பு. முடித்ததும் திரும்பப் பதிவு செய்வோம். இந்தத் தடவை லேபிளை நீ எழுது. உன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பரவாயில்லை.

இப்படிக்கு
மூன்றாம் சரணத்துக்காரி